சுருங்கிப்போன எனாமல் மேல் இன்னொரு கோட் அடிக்கலாமா?

அடிக்காதீங்க. பழைய மர அலமாரிக்கு அடித்த எனாமல் சுருங்கிப் பிசுபிசுக்கிறது, தீபாவளிக்குள் மேலே ஒரு கோட் போட்டு மறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் விட்டுப்போன சாமானாகத்தான் இருக்க வேண்டும். கடையில் வாங்கியதற்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா சாப்பாடு வைக்கும் வலை அலமாரி, ரப்பர் தோட்டத்து ஆசாரி மெராந்திப் பலகையில் செய்தது. எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய பால் டின். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி, இதையும் அடிக்கிறேன் என்று காசு பேசினார். காலையில் ஒரு கோட். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வரும்போதே இரண்டாவது. “இன்னும் காயலையே தம்பி” என்றேன். “நாளைக்கு வெயில் பட்டா சரியாயிடும்க்கா.” மறுநாள் கதவு முழுக்கப் பாலாடை மாதிரி சுருக்கம். பேசிய காசை முழுசாக வாங்கிக்கொண்டுதான் போனார்.

வெயிலில் வைத்தால் சரியாகாது. எனாமலில் உள்ள கரைப்பான் பறந்தால் மட்டும் போதாது. எண்ணெய்ப் பிசின் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துத்தான் இறுகும். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே பச்சை. அதன்மேல் அடுத்த கோட் விழுந்தால் தோல் ஊறி உப்பிச் சுருங்கிவிடும். நம் பக்கம் அக்டோபர், நவம்பர் சாயங்கால மழையில் காய்வது இன்னும் இழுக்கும்.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் மணல்தாளைத் தொடாதீர்கள், உடனே பிசின் அடைத்துக்கொள்ளும். பட்டி வைக்கும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து வழித்தால் சுருக்கம் தோல் தோலாக உரிந்து வரும். மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு நன்றாக இறுக விடுங்கள். பிறகுதான் தேய்ப்பு: 120 நம்பர் மணல்தாள், அப்புறம் 240. அடியில் அந்தக் காலத்துப் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். நீர்த்தாள் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். காய்ந்தபின் அண்டர்கோட், அதன்மேல் எனாமல் மெல்லிசாக. ஒரு ராத்திரியாவது விட்டு அடுத்தது. மழைநாளில் அதுவும் போதாது. கால்களின் அடிவெட்டை மறக்காதீர்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் ஏறும், பெயிண்டும் அங்கேதான் முதலில் உரியும்.

ஸ்பிரே அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். அது லேக்கர் சாமி. ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும், காயாத எனாமல்மேல் பட்டால் அடியோடு கிளப்பிவிடும். நான் ஆசாரி இல்லைதான். ஆனால் அந்த அலமாரியைச் சுரண்டி எடுத்தது இந்தக் கைதான்.

“தூக்கிப் போடுங்க அத்தை, தவணையில் புதுசு எடுத்துக்கலாம்” என்றான் அண்ணன் மகன். எதை எடுப்பது? கால் நனைந்தால் ஊதிப்போகும் தூள்பலகையையா? நல்லது வேண்டுமென்றால் ரப்பர் மரச் சாமான், அதன் விலை தெரியும். அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, சீவிப் பால் எடுத்த மரம் அது. 25, 30 வருஷத்தில் பால் குறைந்ததும் வெட்டினார்கள். ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போகும். இப்போது மூவார் ஊரில் நாற்காலி மேசையாகிக் கப்பலேறுகிறது. எங்கள் தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் செம்பனை, எண்ணெய்ப் பனை, வந்தது, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதமும் வந்தது. மரத்துக்குக் கிடைத்த மரியாதை சீவினவளுக்குக் கிடைக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும்.

தீபாவளிக்குள் முடியாது. இப்போது வழித்து மட்டும் வையுங்கள், பிப்ரவரி வாக்கில் மழை குறைந்ததும் அடிக்கலாம். அதுவரை தட்டில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். பிசின் மிச்சமிருந்தால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதையும் சுரண்ட வேண்டிவரும்.