ஐந்தே தடவையில் நுரையீரல் கதிர்வீச்சு: வாசகர் கேள்வி-பதில்

கே: அப்பாவுக்கு 74 வயது. வலது நுரையீரலில் 3 செ.மீ. புற்றுநோய்க் கட்டி. இதயம் பலவீனம், ஆபரேஷன் முடியாது. ஐந்து தடவை கரண்ட் வைத்தால் போதும் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரருக்கு 30 தடவை வைத்தார்களே?

ப: கட்டி 5 செ.மீ.க்குள் இருந்து, நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவவில்லை என்று பெட் ஸ்கேனில் (புற்று பரவிய இடங்களைக் காட்டும் ஸ்கேன்) தெரிந்தால், ஐந்து போதும். 30 தடவை என்பது பெரும்பாலும் முடிச்சுகளுக்குப் பரவியவர்களுக்கு, கீமோவோடு சேர்த்துக் கொடுப்பது: தினம் 2 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), மொத்தம் 60. அப்பாவுக்கு ஒரு தடவைக்கு 10 கிரே, மொத்தம் 50. எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது. ஆனால் ஒரே வீச்சில் விழும் அளவு கூடக்கூடப் புற்றணுக்கள் தேறுவது கடினம். அந்தச் சேதத்தைக் கணக்கிடும் வாய்பாட்டில் போட்டால் 30 தடவைக்கு 72, ஐந்து தடவைக்கு 100 வருகிறது. பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள்.

கே: மூச்சு விடும்போது கட்டியும் நகருமே, கம்ப்யூட்டர் எப்படிக் குறி வைக்கிறது?

ப: சிகிச்சையின் கடினமான பகுதியே இதுதான். நுரையீரலின் மேல்பகுதிக் கட்டி அதிகம் அசையாது. உதரவிதானத்தை ஒட்டிய கட்டி 1 செ.மீ.க்கு மேலும் ஏறி இறங்கும். அதனால் திட்டமிடும் நாளில், வெற்றிட மெத்தையில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்து, உடல் வடிவத்துக்கு அதை இறுக்கி, நான்கு பரிமாண சி.டி. எடுப்பார்கள். ஒரு மூச்சின் சுற்றைப் பெரும்பாலும் 10 கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஸ்கேன் இது. பத்திலும் கட்டி இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்து ஓர் எல்லை வரைந்து, சுற்றிலும் சுமார் 5 மி.மீ. கூட்டுவார்கள்.

அசைவு அதிகமென்றால் எல்லை பெருத்து, நல்ல நுரையீரலும் வேகும். அப்போது வயிற்றை அழுத்தும் பட்டை, மூச்சைப் பிடித்து நிறுத்துதல், மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் கதிரைத் திறத்தல் என்று ஏதேனும் ஒன்று.

அளவுக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. நுரையீரல் காற்றடைத்த பஞ்சு மாதிரி. கதிர் கிளப்பும் எலக்ட்ரான்கள் அதில் தூரமாகச் சிதறும். பழைய எளிய கணக்கு முறைகள் இதைக் கவனிக்காமல், கட்டியின் ஓரத்தில் உண்மையில் விழுவதைவிட அதிகம் விழுவதாகக் காட்டிவிடும். கதிர்த் துகள்கள் சிதறும் பாதையைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்துக் கணக்கிடும் மான்டி கார்லோ போன்ற முறைகள் தேவைப்படுவது அதனால்தான்.

ஒவ்வொரு தடவையும் கதிர் வைக்குமுன் அதே மேஜையில் ஒரு சிறு சி.டி. எடுத்து, திட்டப் படத்தோடு பொருத்தி, மேஜையை மி.மீ. கணக்கில் நகர்த்துவார்கள். எலும்பை மட்டும் பொருத்தினால் போதாது, கட்டியையே பொருத்த வேண்டும். மெஷின் எந்த கம்பெனி என்று விசாரிப்பதைவிட, இந்த ஸ்கேன்கள் உண்டா என்று கேளுங்கள். பயந்து வேகவேகமாக மூச்சு வாங்கினால் திட்டத்தோடு ஒத்துவராது. அப்பாவை வீட்டிலேயே சீராக மூச்சுவிடப் பழக்குங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கே: எல்லாருக்கும் இது பொருந்துமா?

ப: இல்லை. பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து 2 செ.மீ.க்குள் கட்டி இருந்தால் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் இண்டியானாவில் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், மையத்திலிருந்த கட்டிகளுக்கு மூன்றே தடவையில் 60 முதல் 66 கிரே கொடுத்தபோது கடும் பாதிப்புகளும் மரணங்களும் நேர்ந்தன. அத்தகைய கட்டிக்கு இப்போது எட்டுத் தடவையாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு.

கே: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அப்பாவிடமிருந்து கதிர் பரவுமா?

ப: பரவாது. மெஷினை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். தாராளமாகக் கொஞ்சட்டும். தலைமுடியும் கொட்டாது.

கே: முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ப: சில வாரம் களைப்பு இருக்கும். கட்டி மார்புச் சுவரை ஒட்டியிருந்தால் பின்னாளில் விலா வலி, சிலருக்கு எலும்பு முறிவு. ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் குணமாகாது; ஸ்டீராய்டு தேவைப்படும், அதையும் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லுங்கள். முதல் சி.டி. மூன்று முதல் ஆறு மாதத்தில். அதில் கட்டி இருந்த இடம் வெள்ளையாகப் பெருத்துத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். தழும்பும் அப்படித்தான் தெரியும். அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் வளர்ந்துகொண்டே போனால்தான் பெட் ஸ்கேனும் பயாப்சியும்.