துக்க வீட்டில் அப்பா சிரித்தது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கைத்தடி ஊன்றி நடக்கிறார். போன மாதம் பெரியப்பா இறந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். நிறுத்த முடியவில்லை. வீட்டில் யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலே தேம்பி அழுகிறார். "எனக்குச் சிரிப்பு வரலைம்மா, வாய்தான் சிரிக்குது" என்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?

பதில்: அப்பா சொல்வதை அப்படியே நம்புங்கள். அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அண்ணன் போன துக்கம் மனதில் முழுசாக இருந்திருக்கும். அதை முகத்தில் காட்டும் வழிதான் கெட்டிருக்கிறது.

உணர்வது வேறு, வெளிக்காட்டுவது வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. பக்கவாதம் வந்த சிலரிடம் "பல்லைக் காட்டுங்க" என்றால் வாய் ஒரு பக்கம் கோணும். அவர்களே பேரக்குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒழுங்காக விரியும்! சிரிப்பையும் அழுகையையும் இயக்கும் நரம்புகள் மூளைத்தண்டில் உள்ளன. எப்போது, எவ்வளவு என்று அடக்கி வைப்பது மேலேயுள்ள பெருமூளையும் சிறுமூளையும். அந்த இணைப்பு அறுந்தால் பிரேக் இல்லாத வண்டிதான். சின்னத் தூண்டுதலே போதும். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறுவதும் உண்டு. பக்கவாத நோயாளிகளுக்கு அழுகை எளிதில் வருவதை டார்வினே 1872-இல் எழுதியிருக்கிறார். இன்று இதற்கு சூடோபல்பார் அஃபெக்ட் என்று பெயர்.

இது மனச்சோர்வு அல்ல. இது சில நொடி, சில நிமிடம் வந்து போகும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால், மனச்சோர்வும் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். செர்ட்ராலின், சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும். சிலருக்குச் சில நாட்களிலேயே குறைந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அப்பா மாத்திரை சாப்பிடுவார் இல்லையா, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

சிரிப்போ அழுகையோ கிளம்பும்போது அவர் உட்கார்ந்த நிலையை மாற்றி, தோளைத் தளர்த்தி, மெதுவாக மூச்சுவிடட்டும். நீங்கள் அதட்டவும் வேண்டாம், "அழாதீங்கப்பா" என்று தேற்றவும் வேண்டாம். பேசிக்கொண்டிருந்ததை அப்படியே தொடருங்கள். விசேஷத்துக்குப் போகுமுன் அந்த வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடக் கூடாது, அதுதான் என் பெரிய கவலை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிரிக்கும்போது கூப்பிட்டால் பதில் தராமல் வெறித்துப் பார்த்தால் அது வலிப்பாக இருக்கலாம், அப்போது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுக்க வேண்டியிருக்கும். அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.