இனப்பெருக்கநலச் செவிலியம்: தயங்கும் ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், மகப்பேறு, மகளிர் நோய், பால்வினை நோய் சார்ந்த பணிக்கே போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், எத்தனையோ பிரிவுகள் இருக்க வெளியில் சொல்லக் கூசும் வேலை எதற்கு என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் தம் படிப்பை விட்டு விலகி எங்கோ போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பை முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யும்போது, அவர் செவிலியராக மட்டுமன்றி மகப்பேறு பார்க்கும் தாதியாகவும் பதிவு பெறுவார்.

அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென இயங்கும் சுகவாழ்வு மையங்களில் மருந்துகள் நிறவாரியான பொட்டலங்களாக வருகின்றன: சிறுநீர்த்தாரைக் கசிவுக்கும் கருப்பைவாய்க் கசிவுக்கும் சாம்பல் நிறம், யோனி அழற்சிக்குப் பச்சை, அடிவயிற்று அழற்சிக்கு மஞ்சள். மருத்துவர் எழுதியதை எடுத்துக் கொடுக்கப் பெரிய திறமை வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைப்படுதலை உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம், வலி எப்போது தொடங்கியது, கணவருக்கும் ஏதேனும் தொந்தரவு உண்டா என்று அவர் முகம் சுருங்காதபடி கேட்டறிவதும், தொற்று என்று தெரிந்தால் கணவரும் மருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் அது திரும்பி வரும் என்பதை வீட்டில் சண்டை மூளாத வகையில் விளக்குவதும் செவிலியரின் கையில்தான் இருக்கின்றன. கருப்பை இறக்கத்தைப் பல ஆண்டுகள் துணியை வைத்து மறைத்துக்கொண்டு, பேத்தியின் பிரசவத்துக்குத் துணையாக வந்த இடத்தில் முதன்முதலாக அதைப் பற்றிப் பேசும் பாட்டிமார்களும் உண்டு. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி, கருப்பையைத் தாங்கும் வளையம், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் இருப்பதைப் பெரும்பாலும் ஒரு செவிலியரிடமிருந்துதான் அவர்கள் கேட்டறிகிறார்கள்.

இவற்றோடு தடுப்புப் பணியும் இருக்கிறது. தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், முப்பது வயதைக் கடந்த பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, இயல்புக்கு மாறான திசுவைக் காட்டும் வெண்திட்டு தோன்றுகிறதா என்று பார்ப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களே.

நோய் தொற்றிக்கொள்ளுமோ என்ற உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் அது இந்தப் பிரிவுக்கு மட்டும் உரியதன்று. ஊசி குத்திக்கொள்ளும் விபத்து எந்த வார்டிலும் நேரலாம். விபத்துப் பிரிவில் இரத்தம் வழியக் கிடப்பவருக்கு என்ன தொற்று இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பால்வினை நோய்ப் பிரிவிலோ எல்லோரும் தொடக்கத்திலிருந்தே விழிப்போடு இருப்பார்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் உங்கள் மகள் போட்டு முடித்துவிட்டாரா என்று மட்டும் கேளுங்கள். ஊசி விபத்து நேர்ந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாட்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் ஏற்கெனவே படித்திருப்பார்.

"நல்ல குடும்பத்துப் பெண்கள்" இதற்குப் போவார்களா என்று கேட்கும் உறவினருக்கு ஒரு செய்தி. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய முதுநிலை மாணவியான செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆய்வுக்கு உட்படுத்தியதால் அது தெரியவந்தது. அவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தால் நோய் இங்கே இன்னும் பல நாள் கண்டறியப்படாமலே பரவியிருக்கும்.

உங்கள் மகளுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது சட்ட அறிவைப் பற்றி. எச்.ஐ.வி. நிலையை, சட்டம் அனுமதிக்கும் சூழல்கள் தவிர, உரியவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது. பக்கத்து வார்டுத் தோழியிடம் பேச்சுவாக்கில் சொல்வதும் அதற்குள் அடங்கும். மறுபுறம், பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் குற்றத்துக்கு உள்ளானது தெரிந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இரகசியம் காப்பதும் தகவல் தெரிவிப்பதும் எங்கே பிரிகின்றன என்று அறியாதவர் இந்தப் பிரிவில் தடுமாறுவார்.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் வரும் பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் செவிலியர்களில் பலரும் தொகுப்பூதியத்தில் தொடங்கிப் பணிநிரந்தரத்துக்குக் காத்திருக்க நேர்கிறது. ஆகவே இந்தச் சிறப்புப் பிரிவை மட்டுமே நம்பித் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. தனியார் கருத்தரிப்பு மையங்கள் பளபளப்பாக இருக்கும். ஆனால் புதிதாக வருபவர் அங்கே ஒரே வகை வேலையில் முடங்கிவிடக்கூடும். 1844-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையைப் போலக் கூட்டம் நிறைந்த இடத்தில், பிரசவ அறையிலும் மகளிர் நோய் வார்டிலும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நின்று பழகட்டும். அதன் பிறகு எம்.எஸ்சி.யில் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ச் செவிலியத்தை எடுக்கலாம், அதற்கு பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டுப் பணி அனுபவம் போதும். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நடக்கும் பதினெட்டு மாத மிட்வைஃபரி (மகப்பேறு பார்க்கும் தாதிக்கான) பயிற்சியும் நல்ல வழி. சிக்கலற்ற பிரசவங்களைத் தம் பொறுப்பில் கவனிக்கும் தகுதி அதில் கிடைக்கும்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். உள்ளிருப்புப் பயிற்சி முடிவதற்குள் சுகவாழ்வு மையத்திலோ, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்திலோ சில நாட்கள் இருந்து பார்க்கக் கல்லூரி முதல்வரிடம் அவர் எழுத்து மூலம் அனுமதி கேட்கட்டும். அங்கிருந்து வந்த பிறகும் அதே எண்ணத்தில் இருந்தால் தடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பின் பணியமர்வு ஆணை, வார்டு மாற்ற ஆணைகள், அனுபவச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், எம்.எஸ்சி. விண்ணப்பத்தின்போது அவை தேவைப்படும்.