கண்ணில் தங்கிவிட்ட கருக்கால ரத்தக்குழாய்: அடுத்த குழந்தைக்கும் வருமா?

வாசகி ஒருவர் எழுதியது, சுருக்கமாக: "என் மகனுக்கு இரண்டரை மாதம். இடது கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்ததால் கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மறையாமல் தங்கிவிட்டது, பி.எஃப்.வி. என்று பெயர், லென்ஸும் மங்கியிருக்கிறது, சீக்கிரம் ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். வலது கண் நன்றாக இருக்கிறதாம். என் கணவர் எனக்கு அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படியா? அடுத்த குழந்தைக்கும் வருமா? ஜீன் டெஸ்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், அதை எடுத்துவிட்டு அப்புறம் ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாமா? மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் மொட்டை மாடிக்குப் போனேன் என்று வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்."

ஆப்பரேஷனை ஜீன் டெஸ்டுக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். பிறந்த குழந்தைக்குப் பார்க்கக் கற்றுக்கொள்வது கண் மட்டும் அல்ல, மூளையும்தான். இந்த முதல் சில மாதங்களில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும், பிறகு எவ்வளவு நல்ல ஆப்பரேஷன் செய்தாலும் அந்தப் பார்வையை முழுதாக மீட்பது கஷ்டம். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரப் பல வாரம் ஆகும். அது எப்படி வந்தாலும் இந்த இடது கண்ணுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் பெரும்பாலும் மாறப்போவதில்லை.

ஆப்பரேஷனுக்கு முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்ணுக்குள் கட்டி இல்லை என்று உறுதியாகிவிட்டதா?" வெள்ளையாகத் தெரியும் பாப்பாவுக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியும் ஒரு காரணம், அது இருக்கும் கண்ணைத் தெரியாமல் திறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் பி-ஸ்கேன் என்ற கண் அல்ட்ராசவுண்டிலேயே இது தெரிந்துவிடும். பி.எஃப்.வி. உள்ள கண் அடுத்த கண்ணைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும், லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கண்ணின் அடிவரை ஒரு தண்டு ஓடும். கட்டி உள்ள கண் வழக்கமான அளவில் இருக்கும், உள்ளே சுண்ணாம்புப் பொட்டுகள் மின்னும். ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் குழாய் எதற்கு வந்தது, ஏன் போகவில்லை?

கருவின் 4ஆவது வாரத்தில் மூளையின் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள் புடைத்து, பிறகு கிண்ணம் போல உள்மடிந்து கண்ணாகின்றன. கிண்ணத்தின் அடியில் ஒரு பிளவு இருக்கும், அதன் வழியாக ஹையலாய்டு தமனி என்ற குழாய் உள்ளே நுழைகிறது. ஏறக்குறைய 7ஆவது வாரத்துக்குள் பிளவு மூடிக்கொள்ளும், குழாய் மட்டும் நடுவில் நின்று, லென்ஸைச் சுற்றி வலை பின்னி அதற்குச் சாப்பாடு கொடுக்கும். அந்தச் சமயத்தில் விழித்திரைக்கு என்று சொந்த ரத்தக்குழாய் கிடையாது. கண்ணின் நடுப்பகுதி வெளிச்சம் போகிற பாதை என்பதால் அங்கே குழாய் நிற்கக் கூடாது. தொப்புள்கொடி பிறந்த பிறகு காய்ந்து விழுகிறது. இந்தக் கொடி பிறப்பதற்கு முன்பே உதிர்ந்துவிட வேண்டும். 4ஆவது மாதவாக்கில் விழித்திரையின் நடுவிலிருந்து புதிய குழாய்கள் ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன, பழைய குழாய் மெல்லச் சுருங்கி 7ஆவது மாதத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. புதிய குழாய்கள் விழித்திரையின் மூக்குப் பக்க ஓரத்தை 8ஆவது மாதத்திலும் காதுப் பக்க ஓரத்தை ஏறக்குறைய பிறக்கும் நேரத்திலும்தான் எட்டும். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை கட்டாயம் என்று சொல்வது இதனால்தான், அந்த வேலை பாதியில் நின்றிருக்கும்.

இதில் என் மனதை அதிகம் தொட்ட ஆராய்ச்சி எலிகளில் நடந்தது. எலிக்கு இந்தக் குழாய் பிறந்த பிறகுதான் மறைகிறது, அதனால் நேரடியாகப் பார்க்க முடியும். ரிச்சர்ட் லாங்கும் மைக்கேல் பிஷப்பும் 1993இல், கண்ணுக்குள் இருக்கும் மாக்ரோஃபேஜ் செல்களை இல்லாமல் செய்தால் குழாய் மறையாமல் அப்படியே நிற்கிறது என்று காட்டினார்கள். அதுவரை அந்தச் செல்கள் செத்ததை அள்ளிப்போடும் துப்புரவு வேலை மட்டும் செய்கின்றன என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2005இல் லாங் குழுவினர் இன்னொரு படி போனார்கள்: அந்தச் செல்கள் டபிள்யூஎன்டி7பி என்ற புரதச் செய்தியை அனுப்பி, குழாய்ச் செல்களை "நீ போகலாம்" என்று போகச் சொல்கின்றன. குழாய் தானாக வாடுவதில்லை, அதற்கு ஆணை போக வேண்டும். அந்த ஆணையை வாங்கும் கருவிகளில் எஃப்இசட்டி4, எல்ஆர்பி5 ஆகிய இரண்டும் உண்டு, இதே இரண்டும்தான் விழித்திரையில் நாரின் என்ற வேறொரு செய்தியை வாங்கிப் புதிய குழாய்களை வளர்க்கின்றன. ஒரே கருவி, ஓரிடத்தில் வளர்க்கிறது, இன்னோரிடத்தில் அழிக்கிறது. இந்தக் கருவிகளை உண்டாக்கும் ஜீன்களில் பழுது வந்தால் ஏன் இரண்டு வேலையும் சேர்ந்து கெடுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

2013இல் வந்த ஒரு ஆய்வை உங்கள் வீட்டுக்காகவே சொல்கிறேன். சினை எலிகளைக் கர்ப்பத்தின் கடைசி நாட்களில் முழு இருட்டில் வைத்தார்கள். குட்டிகளின் கண்ணில் இந்தப் பழைய குழாய் சரியாக மறையவில்லை, தாயின் வயிற்றைத் தாண்டி உள்ளே போகும் கொஞ்ச வெளிச்சம்கூட குழாய் மறைய உதவுகிறது என்று தெரிந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது, ஆனால் வெளிச்சத்துக்குப் போனதால் குழாய் தங்கிவிட்டது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சில மணி நேரக் கிரகணம் கருவின் கண்ணைக் கெடுக்காது. நீங்கள் மாடிக்குப் போனது, சாப்பிட்டது, தூங்காதது எதுவும் இதற்குக் காரணம் இல்லை, அம்மா.

இப்போது ஜீன் விஷயம். பி.எஃப்.வி. வரும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு கண்ணில் மட்டும்தான் வருகிறது, அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. இரண்டு கண்ணும் ஒரே ஜீன்களை வைத்துத்தான் உருவாகின்றன, வலது கண் உண்மையிலேயே முழுக்க நன்றாக இருந்தால் இது பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. "உண்மையிலேயே முழுக்க" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஃப்.இ.வி.ஆர். என்ற குடும்ப விழித்திரை நோயில் ஒரு கண் மோசமாகவும் இன்னொரு கண் வெளியிலிருந்து பார்த்தால் பழுதே இல்லாததுபோலவும் இருக்கும். விழித்திரையின் ஓரத்தில் மட்டும் ரத்தக்குழாய் எட்டாத ஒரு பட்டை இருக்கும், சாதாரணப் பரிசோதனையில் அது தப்பிவிடும். அதனால் ஆப்பரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற அன்றே வலது கண்ணின் ஓரம்வரை பார்த்து, முடிந்தால் சாயம் செலுத்திப் படமும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு தடவை மயக்கம் தேவைப்படாது.

அதோடு நீங்களும் உங்கள் கணவரும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை ஓரத்தைக் காட்டிவிடுங்கள். ஜீன் டெஸ்டோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு. பெரும்பாலான ஜீன்கள் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். எஃப்இசட்டி4 பழுது அதில் ஒரே ஒரு பிரதியில் இருந்தாலும் போதும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தப் பட்டை மட்டும் இருந்து ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம், பிள்ளைக்கு அதுவே பெரிதாக வெளிப்படலாம். இப்படிப் பெற்றோரைப் பார்த்ததால் குடும்பத்துக்கே விடை கிடைத்த சம்பவங்கள் உண்டு, ஆனாலும் இந்தப் பரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் பிறந்த வீட்டில் ஒன்று விசாரியுங்கள்: உங்கள் அண்ணன் தம்பி, தாய்மாமன், அம்மாவின் தாய்மாமன், இவர்களில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஆண்கள் உண்டா, அவர்களுக்குப் பிறகு காதும் மந்தமானதா? நாரின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதில் பழுது வந்தால் நாரி நோய் வரும். தாய் வழியாக மகன்களுக்கு இறங்கும், இரண்டு கண்ணையும் தாக்கும். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சொந்தத்தில் கட்டியது எங்கே கணக்கில் வருகிறது என்றால், இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய்களில். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொதுவாக இருக்கும். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஈரானில் குர்து இனக் குடும்பங்கள் சிலவற்றில் இப்படித்தான் ஆனது, குழந்தைகள் பிறக்கும்போதே விழித்திரை ஒட்டாமல் பிறந்தன. 2011இல் அதன் காரணம் வெளியானது: ஏடிஓஎச்7 என்ற ஜீன் நன்றாகவே இருந்தது, அதிலிருந்து தள்ளி, அதை இயக்கும் ஸ்விட்ச் போன்ற ஒரு துண்டு இரண்டு பிரதியிலும் காணாமல் போயிருந்தது. கண்ணில் நரம்புச் செல்கள் உருவாக வேண்டிய ஜீன் அது, நரம்பு வளராததால் ரத்தக்குழாயும் வழிதவறிவிட்டது. ஆனால் அங்கே பாதிப்பு இரண்டு கண்ணிலும். உங்கள் மகனுக்கு ஒரு கண்ணில் மட்டும். தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான் நடக்கின்றன, அதனால் ஒரு குழந்தைக்கு எது வந்தாலும் உறவின் மேல் பழி போடுவது எளிது. இங்கே அதற்கு ஆதாரம் இல்லை.

அப்போது 20,000 ரூபாய் டெஸ்ட்? வலது கண்ணின் ஓரம், உங்கள் இருவரின் விழித்திரை, குழந்தையின் காது, எலும்பு, தலை வளர்ச்சி, குடும்ப வரலாறு எல்லாம் சுத்தமாக இருந்தால் நான் இப்போது எடுக்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பணம் மங்கிய லென்ஸை எடுத்த பிறகு போட வேண்டிய காண்டாக்ட் லென்ஸுக்கும் போக்குவரத்துக்கும் தேவைப்படும். இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எடுங்கள். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது மகனின் ரத்தம், கூடவே உங்கள் இருவரின் ரத்தமும். அடுத்த கர்ப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எந்த எழுத்துப் பிழையைத் தேடுவது என்றே தெரியாமல் கருவைச் சோதிக்க முடியாது. என்டிபி (நாரின் ஜீன்), எஃப்இசட்டி4, எல்ஆர்பி5, டிஸ்பேன்12, ஏடிஓஎச்7 இவை பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். "அர்த்தம் தெரியாத மாற்றம்" என்று ஒரு ரிசல்ட் வரலாம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. "ஒன்றும் இல்லை" என்று வந்தாலும் நூறு சதவீத உத்தரவாதம் அல்ல, அந்த ஈரான் குடும்பங்களைப் போலப் பழுது ஜீனுக்கு வெளியே இருந்தால் சாதாரண டெஸ்டில் சிக்காது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் கண் மரபணு ஆலோசனையும் உண்டு, ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது.

எல்லாம் சுத்தம் என்றால் அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கர்ப்பத்தில் 20ஆவது வார ஸ்கேனில் கண்ணுக்குள் மெல்லிய கோடு தெரிகிறது என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள், அந்த வயதில் ஹையலாய்டு தமனி இருக்கத்தான் வேண்டும். 30 வாரம் தாண்டியும் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். பிறந்தவுடன் குழந்தைகள் கண் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், போதும்.

ஆப்பரேஷனோடு வேலை முடியாது, பாதி வேலை அதற்கப்புறம்தான். நல்ல கண்ணைத் தினமும் ஒட்டுப் போட்டு மூடி வைத்து இடது கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும், வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் தினம் ஒரு மணி நேரம் என்பது கைக்குழந்தைகளுக்குப் பலர் வைக்கும் கணக்கு, அதாவது மூன்று மாதக் குழந்தைக்குத் தினம் மூன்று மணி நேரம். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அதையே செய்யுங்கள். கண் அழுத்தத்தையும் வருடக்கணக்கில் பார்த்துவர வேண்டும். ஒட்டியதும் பிள்ளை அழும், பிய்த்து எறியும், ஒரு ஆளால் சமாளிக்க முடியாது. உங்கள் அத்தை கிரகணம் என்று பேசுவது பேரனைப் பற்றிய பயத்தில்தான். அவரையும் ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காரணத்தை நேரில் கேட்க வையுங்கள், அப்புறம் அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை அவர் மடியில் விடுங்கள்.