அறுபது விமானம், ஐந்தே ரகம்: எதை எடுப்பது?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகத் தம்பி எழுதியிருக்கிறார்: "நானும் என் மச்சான்மாரும் சேர்ந்து வரைபடத்தில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறோம், ஐயா. காலம் 1944. நாடு கற்பனை: வடக்கே மலையும் காடும், நடுவில் பெரிய ஆறு, தெற்கே நீண்ட கடற்கரை, ஐந்து மாதம் அடைமழை. விமானப்படைக்கு மொத்தம் 60 விமானம். ஐந்து ரகத்துக்கு மேல் கூடாது. நேச நாடுகளிடம் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், மொஸ்கிட்டோ, லங்காஸ்டர், டகோட்டா என்று எழுதி வைத்திருக்கிறேன். இது சரிதானா?"

தம்பி, உங்கள் பட்டியலில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. நீங்கள் கவனித்தே செய்தீர்களா என்று தெரியவில்லை. டகோட்டாவைத் தவிர மற்ற நான்கும் மெர்லின் என்ற ஒரே எஞ்சினில் பறப்பவை. ரகம் ரகமாக விமானத்தை எண்ணுவதைவிட எஞ்சினை எண்ணுவதுதான் முக்கியம். ஒவ்வொரு புது எஞ்சினுக்கும் தனி உதிரி பாகம், தனிக் கருவி, தனியாகப் பழகிய மெக்கானிக் வேண்டும். ரங்கூன் மிங்கலடோன் விமானப் பணிமனையில் நான் வேலை பழகிய காலத்தில், ஒரு சின்ன வாஷருக்காக ஒரு முழு விமானம் மூன்று வாரம் வெயிலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பறக்காத விமானமும் உங்கள் 60-இல் ஒன்றாகத்தான் கணக்கில் இருக்கும்.

ஆனால் மெர்லின் உங்கள் நாட்டுக்கு ஒத்துவராது. அது தண்ணீரால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டரில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தால் போதும், சில நிமிடத்தில் சூடேறி இறுகிவிடும். கீழே காடு, இறங்க இடமில்லை. காற்றால் குளிரும் நட்சத்திர வடிவ எஞ்சின்கள் சிலிண்டரே உடைந்தும் ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு நீண்ட கான்கிரீட் ஓடுதளம் வேண்டும், ஒவ்வொன்றும் நான்கு எஞ்சின் தின்னும். மொஸ்கிட்டோ அற்புதமான விமானம்தான், ஆனால் உடல் மரத்தால் ஆனது, பசை போட்டு ஒட்டியது. 1944 கடைசியில் இந்தியா, பர்மா முனையில் சில மொஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே உடைந்து விழ, அந்த ரகத்தையே தரையில் நிறுத்தி ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் ஒட்டிய வேலையில் குறை, அதன்மேல் இங்கத்திய வெக்கையும் ஈரமும். உங்கள் ஐந்து மாத அடைமழையில் அதை வெளியில் நிறுத்த எனக்கு மனம் வராது.

சண்டை விமானத்திலிருந்து தொடங்காதீர்கள், சுமை விமானத்திலிருந்து தொடங்குங்கள். டகோட்டா 20 எடுங்கள். அதிகம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டகோட்டா சுமார் 2,700 கிலோ தூக்கும். பெட்ரோல் நிரம்பிய 44 காலன் பீப்பாய் ஏறக்குறைய 165 கிலோ. ஒரு நடைக்கு 16 பீப்பாய் வரும். தண்டர்போல்ட் சண்டை விமானத்தின் வயிறு நிறைய ஏறக்குறைய ஆறு பீப்பாய் பிடிக்கும். அதாவது, மலைக்கு அப்பால் உள்ள ஒரு திடலில் மூன்று தண்டர்போல்டை ஒரே ஒரு தடவை பறக்கவைக்க ஒரு டகோட்டா நடை போதாது. குண்டும் அரிசியும் மருந்தும் இனிமேல்தான். இந்தக் கணக்கை விளையாட்டின் விதியாகவே எழுதிவிடுங்கள்; அப்புறம் யாரும் 40 சண்டை விமானம் கேட்க மாட்டார்கள்.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1944 மார்ச்சில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் என்ற காட்டுப் படையை ஜப்பானியருக்குப் பின்னால் இறக்கியபோது, அதற்கென்றே அமெரிக்கர்கள் ஒரு குட்டி விமானப்படை கட்டிக் கொடுத்தார்கள். மஸ்டாங் 30, மிட்செல் குண்டுவீச்சு விமானம் 12, டகோட்டா 13, நார்ஸ்மன் 12, ஏறக்குறைய 100 சின்ன விமானம், 100-க்கும் மேல் கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானம். சுடுவதும் குண்டு போடுவதும் 42. மற்றதெல்லாம் ஆளையும் சாமானையும் காயம்பட்டவனையும் தூக்குவதற்கு. மற்ற படைப்பிரிவுகளின் டகோட்டாக்களும் சேர்ந்து, ஒரே வாரத்தில் 9,000 பேரும் 1,300-க்கு மேல் கோவேறு கழுதை, மட்டக்குதிரைகளும் காட்டுக்குள் இறங்கியாயிற்று. முதல் இரவு 'பிராட்வே' என்று பெயரிட்ட காட்டுத் திடலில் பல கிளைடர்கள் நொறுங்கின. காரணம் எதிரி இல்லை. தேக்குமரம் இழுத்துப் பதிந்த பள்ளம் புல்லுக்குள் மறைந்து கிடந்தது. யானை மரம் இழுத்த தடத்தில் கால் இடறியவர்களுக்கு அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டகோட்டாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், என் கைக்குப் பழகியது அதுதான். எஞ்சினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 56 பிளக். விடியற்காலை பனியில் முதல் வேலை, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் விசிறியைக் கையால் பிடித்து ஒவ்வொரு இதழாகச் சுற்றிவிடுவது. இரவில் கீழ்ச் சிலிண்டரில் எண்ணெய் இறங்கி நின்றிருக்கும். கையில் முட்டுவது தெரிந்தால் உடனே நிறுத்திக் கீழ்ப் பிளக்கைக் கழற்றி வடித்துவிட வேண்டும். தெரியாமல் ஸ்டார்ட் போட்டால் உள்ளே தண்டு வளைந்துவிடும். கை உணர்ந்து செய்யும் இந்த வேலையை ஒரு பையனுக்கு ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். ஒரு நாட்டின் படைக்கு இப்படிப்பட்ட எஞ்சின்தான் வேண்டும். இறங்க இடமில்லாத ஊருக்கு அரிசியை அப்படியே வீசலாம். ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கு வைத்துத் தளர்வாக நிரப்பினால் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். பாராசூட் துணி கிடைக்காதபோது கல்கத்தா ஆலைகளில் சணலில் பாராசூட் செய்து அனுப்பினார்கள்.

அடுத்தது கடற்கரைக்கு கட்டலினா, நான்கு. இதுதான் என் பட்டியலில் எனக்குப் பிடித்த இடம்: இதன் எஞ்சினும் டகோட்டாவின் எஞ்சினும் ஒன்றே. இரண்டுமே பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், அதிலும் அதே 92-ஆம் வகை. ஒரே உதிரி அறை, ஒரே மெக்கானிக். இது தண்ணீரிலும் இறங்கும்; சக்கரம் வைத்த வகையை வாங்கினால் தரையிலும் இறங்கும். போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு 27 முதல் 33 மணி நேரம் இறங்காமலே பறந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டு செய்தி அனுப்பியதும் ஒரு கட்டலினாதான். செய்தி போன கையோடு அதைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது காத்திருந்தவர்கள் இருந்தார்கள். நான்கு ஏன் என்றால், ஒன்று கடலில், ஒன்று ஓய்வில், ஒன்று பணிமனையில், ஒன்று பயிற்சியில்.

சண்டைக்கு தண்டர்போல்ட் 16. இதுவும் காற்றால் குளிரும் எஞ்சின், 18 சிலிண்டர், 2,000 குதிரை சக்தி. எட்டுத் துப்பாக்கி, 1,000 பவுண்ட் குண்டு இரண்டு. அதனால் தனிக் குண்டுவீச்சு விமானம் தேவையில்லை. 1944-இல் பர்மா முனையில் பிரிட்டிஷ் படையே ஹரிக்கேன் சண்டை விமானத்தைக் கொடுத்துவிட்டு இதற்கு மாறியது. குறையும் உண்டு: கனம் அதிகம், நீண்ட ஓடுதளம் கேட்கும், தாழ்வாகப் பறக்கும்போது ஜப்பானிய விமானத்தோடு சுற்றிச் சுற்றிச் சண்டை போட முடியாது, மேலே ஏறவும் நேரம் எடுக்கும். ஆகவே எதிரி வருவதை முன்கூட்டியே சொல்ல மலை உச்சிகளில் ரேடியோவோடு ஆட்களை வையுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விமானம் தெரிந்ததும் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்லுவார். அப்படி நின்றவர்கள்மேல்தான் குண்டு விழுந்தது. எத்தனை நல்ல சண்டை விமானம் இருந்தாலும் எச்சரிக்கை இல்லாவிட்டால் ஊருக்கு இதுதான் கதி.

மீதி 20. எல்-5 என்ற சின்ன விமானம் 12. எஞ்சின் வெறும் 185 குதிரை. வரப்பை வெட்டிச் சமப்படுத்திய அறுவடை வயலில் இறங்கி, காயம்பட்ட ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிவிடும். உங்கள் விளையாட்டில் வீரர்களின் மன உறுதிக்குப் புள்ளி இருந்தால் அதை இதற்குக் கொடுங்கள். கடைசியாக ஹார்வர்ட் பயிற்சி விமானம் எட்டு. பயிற்சி விமானத்தைப் பட்டியலில் போட எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் போர் நடந்தால் விமானம் தீருவதற்கு முன் விமானி தீர்ந்துவிடுவான்.

விதி எழுதும்போது மூன்றில் ஒரு பங்கு எப்போதும் பழுதில் கிடப்பதாக வையுங்கள். மழைக்காலத்தில் புல்தரை ஓடுதளம் எல்லாம் மூட வேண்டும். துளையிட்ட இரும்புத் தகடு விரித்தவை மட்டும் திறந்திருக்கும். அந்தத் தகட்டையும் டகோட்டாதான் சுமக்க வேண்டும்.

மச்சான்மார் ஒத்துக்கொள்ளாமல் ஆறாவது ரகம் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தால், குண்டுவீச்சு விமானம் கொடுக்காதீர்கள். எல்-5-இல் நான்கைக் குறைத்து, நார்ஸ்மன் நான்கு கொடுங்கள். டகோட்டா இறங்க முடியாத குட்டித் திடலுக்கு அரை டன் கொண்டுபோகும். அதன் எஞ்சின் ஹார்வர்டில் இருக்கும் அதே 600 குதிரை வாஸ்ப்.