யாருக்கு யார் பதில் சொல்வது? – கேள்வி பதில்

பனியன் ஆலைகளில் பல வருஷம், அப்புறம் மென்பொருள் கம்பெனிகளில் எச்.ஆர். என்று இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால், கம்பெனியில் யார் எதை முடிவு செய்வது, யாருக்கு யார் பதில் சொல்வது என்ற இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

திருப்பூர், யூனிட் உரிமையாளர்: மேடம், 30 பேரோடு ஆரம்பித்தோம், இப்போது 140 பேர். கட்டிங் முதல் பேக்கிங் வரை எதற்கெடுத்தாலும் என்னிடமே வருகிறார்கள். யாருக்குக் கீழே யார் என்று காட்டுகிற நல்ல ஆர்க் சார்ட் ஒன்று சொல்லுங்களேன்.

சார்ட்டைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு, உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் குறித்து வையுங்கள். ‘துணியில் ஷேடு மாறியிருக்கு, வெட்டலாமா?’, ‘ஓவர்லாக் ஆள் ரெண்டு பேர் வரலை’, ‘சொந்தமா பிரிண்டிங் யூனிட் போடலாமா?’ என்று கலந்து கட்டி வரும். ஆள் வராதது இன்றைக்கே தீர வேண்டியது. பிரிண்டிங் யூனிட் ரெண்டு வருஷக் கணக்கு. இரண்டும் ஒரே மேஜைக்கு வருவதில்தான் சிக்கல்.

ஒரு பொறுப்பில் இருக்கிற மிக நீண்ட வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை வைத்தே கம்பெனியின் பொறுப்பு அடுக்குகளைப் பிரிக்கலாம் என்றவர் எலியட் ஜாக்ஸ். கனடாவில் பிறந்த உளவியலாளர். 1948 முதல் லண்டனில் கிளேசியர் மெட்டல் என்ற பேரிங் ஆலையில், அதன் நிர்வாக இயக்குநர் வில்ஃப்ரெட் பிரவுனோடு சேர்ந்து வேலை செய்தவர். அவர் கணக்குப்படி 3 மாதம் வரை முதல் அடுக்கு, ஒரு வருஷம் வரை இரண்டாவது, 2 வருஷம் வரை மூன்றாவது, 5 வருஷம் வரை நான்காவது. எவ்வளவு பெரிய கார்ப்பரேஷனுக்கும் ஏழு அடுக்கு போதும் என்றார். உங்கள் 140 பேருக்கு மூன்றே தாராளம்: நீங்கள், நாலைந்து பிரிவு இன்சார்ஜ்கள், மற்ற எல்லாரும். லைன் சூப்பர்வைசர் இன்சார்ஜுக்குக் கைத்துணை. அவரைத் தனி அடுக்காக்க வேண்டாம். யாருக்காவது சம்பளம் கூட்டுவதற்காக ஏ.ஜி.எம்., டி.ஜி.எம். என்று புதுப் பட்டம் உண்டாக்காதீர்கள். சம்பளத்தை மட்டும் கூட்டுங்கள்.

பிறகு நோட்டில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, முடிவெடுக்க வேண்டியவர் பெயரை எழுதி, அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு க்யூசி (தரப் பரிசோதனை) இன்சார்ஜ் ‘வெட்டாதே’ என்று சொன்ன துணியை, ஷிப்மென்ட் அவசரத்தில் நீங்கள் போய் ‘வெட்டு’ என்றால், மறுநாளே எல்லாரும் பழையபடி உங்கள் கதவுக்கு வந்துவிடுவார்கள்.

தையல் பிரிவு இன்சார்ஜ் (ஊர் வேண்டாம் என்கிறார்): ஆள் எடுப்பது எச்.ஆர்., லீவு கொடுப்பது ஆபீஸ், இன்க்ரிமென்ட் போடுவது முதலாளி. ப்ரொடக்‌ஷன் குறைந்தால் திட்டு மட்டும் எனக்கு. நான் என்ன செய்ய, மேடம்?

முந்தின கேள்வி கேட்ட முதலாளியும் இதைப் படித்தால் நல்லது.

ஒருவரை மேனேஜர் என்று சொல்ல, குறைந்தபட்சம் நாலு அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதும் ஜாக்ஸ் சொன்னதுதான். வேண்டாத ஆளைத் தன் பிரிவில் போடும்போது மறுக்கலாம். யாருக்கு எந்த வேலை என்று தானே தீர்மானிக்கலாம். யார் எப்படி வேலை செய்கிறார் என்று மதிப்பிட்டு, கம்பெனி விதிக்குள் ஊதிய உயர்வையும் முடிவு செய்யலாம். சொல்லிக் கொடுத்தும் சரிவராதவரைத் தன் பிரிவிலிருந்து மாற்றும் நடவடிக்கையைத் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு முதலாளிகள் பயப்படுவார்கள். பிரிவிலிருந்து மாற்றுவது வேறு, வேலையை விட்டே நீக்குவது வேறு. நீக்க வேண்டுமானால் நோட்டீஸ், விசாரணை, சட்டம் எல்லாம் உண்டு. அது கம்பெனி பார்க்க வேண்டியது.

உங்களுக்கு நாலில் ஒன்றரைகூட இல்லை. மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது. மறுக்கும் உரிமையை முதலில் கேளுங்கள், அதில் கம்பெனிக்குக் காசு செலவே இல்லை. ‘புது ஆளை லைனில் போடுவதற்கு முன் அரை நாள் மெஷினில் உட்கார வைத்து நான் பார்க்கிறேன், நான் சரி என்ற பிறகு ஆர்டர் கொடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் உங்கள் விசிட்டிங் கார்டில் இருப்பது வெறும் பெயர்தான், வேறு இடம் தேடுவதில் தப்பில்லை.

சென்னை, ஐ.டி.: அக்கா, எனக்கு ரெண்டு மேனேஜர். வேலை சொல்வது ப்ராஜெக்ட் மேனேஜர், அப்ரைசல் போடுவது இன்னொருவர். அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாது.

இப்படி ஒருவருக்கு ரெண்டு மேனேஜர் வைப்பதற்கு மேட்ரிக்ஸ் முறை என்று பெயர். இது 1960களில் அமெரிக்க விண்வெளித் துறை நிறுவனங்களில் பரவியது. ஒரே இன்ஜினியர் தன் துறைக்கும் திட்டத்துக்கும் சேர்ந்து தேவைப்பட்டார், அதனால் அங்கே அதற்கு அர்த்தம் இருந்தது. சில கம்பெனிகள் ஃபேஷனுக்கு வைத்திருக்கின்றன. தம்பி, நீங்கள் அதை மாற்ற முடியாது. மாதம் ஒரு மெயில் போடுங்கள், இருவரையும் சேர்த்து: இந்த மாதம் முடித்தது, அடுத்தது எந்த வரிசையில். இருவர் சொல்வதும் முட்டினால், ‘எதை முதலில் எடுக்கட்டும், நீங்கள் ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்கள்’ என்று அதிலேயே கேளுங்கள். நடுவில் நின்று நீங்களே தேர்ந்தெடுக்கப் போனால் அடி உங்களுக்குத்தான்.

மேனேஜரே இல்லாத கம்பெனிதான் எதிர்காலம் என்கிறார்களே?

கூகுள் 2002-இல் இன்ஜினியர்களுக்கு மேல் மேனேஜரே வேண்டாம் என்று வைத்துப் பார்த்தது. சில மாதம்தான் ஓடியது. செலவு பில் முதல் ஆளுக்கு ஆள் சண்டை வரை நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போக ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்கள். பிறகு 2009 வாக்கில் ‘ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்ற உள் ஆய்வில் மேனேஜர் தேவையில்லை என்பதை நிரூபிக்கப் பார்த்து, நல்ல மேனேஜரால் வித்தியாசம் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். திருப்பூர்க்காரருக்கு வந்த அதே தலைவலி, கலிஃபோர்னியாவிலும்.

ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் வரை வைக்கலாம்?

1933-இல் கிரைகூனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் கணக்குப் போட்டார்: கீழே 5 பேர் என்றால் மேனேஜரோடும் அவர்களுக்குள்ளும் சேர்த்து உருவாகக்கூடிய உறவுகள் 100, ஆறாவது ஆள் வந்தால் 222. பயமுறுத்தும் கணக்கு. ஆனால் ஒரே மாதிரி மெஷினில் ஒரே வேலை செய்கிற 30 பேரை ஒருவர் பார்க்கலாம். ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கிற டிசைன், மெர்ச்சண்டைசிங் (வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பது) மாதிரி வேலையில் ஆறேழு பேரே அதிகம்.

கோவை, பம்ப் தயாரிப்பு: அப்பா ஓய்வு பெற்று நான் பார்க்கிறேன். பழைய ஃபோர்மேன்கள் இன்னும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம்தான் கேட்கிறார்கள். கோபப்பட்டும் பார்த்துவிட்டேன்.

ஃபோர்மேன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அப்பா பதில் சொல்கிறார், அதனால் போகிறார்கள். ‘தம்பிகிட்ட கேட்டியா?’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதை அவர் சொல்ல வேண்டுமானால் அவருக்கென்று சில விஷயங்களை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். நிலம், பேங்க் கடன், பழைய டீலர்கள் விவகாரம் அவர் பார்க்கட்டும். ஃபவுண்டரி, வைண்டிங், அசெம்பிளி, ஆள் எடுப்பது உங்களுடையது. இதை அப்பாவே ஃபோர்மேன்கள் முன்னால் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் ‘சின்ன முதலாளி ஏதோ சொல்றார்’ என்று போய்விடும்.

நல்ல டெய்லரைச் சூப்பர்வைசர் ஆக்கினோம். டெய்லரும் போச்சு, சூப்பர்வைசரும் வரலை.

தையலுக்கே இரண்டு மூன்று கிரேடு வைத்து, கைத்திறனுக்குத் தனியாகச் சம்பளம் ஏற்றுங்கள். சூப்பர்வைசர் வேலைக்கு, லீவில் போகிறவருக்குப் பதிலாக ரெண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி நிறுத்திப் பாருங்கள். யாரிடம் மற்றவர்கள் தானாகச் சந்தேகம் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். லைனில் முக்கால்வாசி பெண்கள், சூப்பர்வைசர் எல்லாம் ஆண்கள் என்று நிறைய யூனிட்டில் பார்த்திருக்கிறேன். அந்த ரெண்டு மூன்று பேரில் பெண்களும் இருக்கட்டும். இந்த டெய்லரை என்ன செய்வது? சூப்பர்வைசர் சம்பளத்தைக் குறைக்காமல் மெஷினுக்குத் திரும்ப விருப்பமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.