கடும் தண்டனையும் கேமராவும் இருந்தால் கிராமத்தில் குற்றம் குறைந்துவிடாதா?

"தண்டனையைக் கடுமையாக்கி, ஊர் முழுக்கக் கேமரா வைத்தால் போதாதா? அரசு வேறு என்னதான் செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே பேச்சுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவே இருக்கிறது. அப்பா போனபின் அம்மா மட்டும் சாளையில் இருக்கிறார். (சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருஷமே ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதியையும் கொன்றார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். திருப்பூருக்கு வந்துவிடச் சொன்னால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "மாட்ட யாரு கண்ணு பாக்கறது?"

டீக்கடையில் மூன்று கட்சி. என்கவுண்டர் கட்சி, கேமரா கட்சி, துப்பாக்கி உரிமம் கேட்கிற கட்சி. மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். எழுபத்திரண்டு வயதில், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் நடுச்சாமத்தில் துப்பாக்கியைத் தேடி எடுத்துத் தோட்டா போடுவதற்குள், வந்தவனுக்கு நகையோடு துப்பாக்கியும் சேர்ந்து கிடைத்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லுமுன், முன்பு ஏன் இவ்வளவு பயம் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். கொங்கில் பல பக்கம் வீடுகள் ஊருக்குள் ஒட்டி ஒட்டி இருக்காது. கிணற்றுப் பாசனம் என்பதால் அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. பக்கத்து வீடு என்பதே கூப்பிடு தூரத்துக்கு அப்பால்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோதும் அப்படித்தான். ஆனால் ராத்திரியில் ஆள் நடமாட்டம் இருந்தது. மூணு பேஸ் கரண்ட் பத்து மணிக்கு வருமோ, இரண்டு மணிக்கு வருமோ. வந்ததும் டார்ச்சோடு ஆட்கள் இட்டேரியில் (இருபக்கமும் வேலி போட்ட தோட்டத்துப் பாதை) நடப்பார்கள். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் ஆடினால் அப்பா கட்டிலில் படுத்தபடியே "யாரது?" என்பார். "நாந்தானுங்க மாமா, தண்ணி திருப்பப் போறேன்" என்று பதில் வரும். அதுதான் எங்கள் ரோந்து.

இப்போது நான் திருப்பூரில் படுக்கையில் இருந்தபடி போனில் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறேன். எல்லாத் தோட்டத்திலும் அதே கதைதான். பண்ணையத்தில் நிரந்தர ஆள் கிடையாது, பிள்ளைகள் கோயமுத்தூர், பெங்களூர். இட்டேரி ராத்திரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். குற்றம் நடக்க, செய்யத் துணிந்தவன், அவனுக்கேற்ற இலக்கு, பார்க்க ஆளில்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வீடுகள் பகலில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததும், எளிதில் தூக்கிப் போகிற விலையுயர்ந்த சாமான்கள் பெருகியதும் திருட்டைக் கூட்டின என்பது அவர்கள் வாதம். அங்கே பகல், இங்கே ராத்திரி.

சரி, தண்டனை. திருடப் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போவதில்லை. மாட்டுவோமா மாட்டோமா என்றுதான் கணக்குப் போடுகிறான். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது உறுதி என்ற எண்ணம்தான் ஆளைத் தடுக்கிறது என்பதில் குற்றவியல் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் 1982இலிருந்து இருக்கிறது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். நடைமுறைப் பிழைக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்கிற உத்தரவுகள் ஏராளம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு இதற்கு நேர் எதிர். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே வெளியே கசிந்தது. அதைப் பார்த்த இன்னொரு பெண் ஸ்டேஷன் படி ஏறுவாளா? அப்படியிருந்தும் சிலர் வந்து சாட்சி சொன்னார்கள், கடைசிவரை நின்றார்கள். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஆறு வருஷம் ஆயிற்று. புகார் கொடுத்தவரையும் சாட்சியையும் காப்பாற்றுவதற்குச் செலவிடுகிற பணம் குற்றத் தடுப்புச் செலவுதான் என்பது என் கருத்து.

இப்போது என் வயிற்றெரிச்சல் ஒன்று. மூன்று வருஷம் முன்பு எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போகும் காப்பர் கேபிளை ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாகப் போட 14,000 ரூபாய் ஆனது. புகார் கொடுக்கப் போனால், எழுத்தர் பேனாவை எடுக்கவே இல்லை. "ஏனுங்க, கேபிளுக்கெல்லாம் எஃப்ஐஆர் போட்டா நாங்க வேற வேலை பாக்க முடியுங்களா?" என்றார். கடைசியில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும், கிடைத்தது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்ஐஆர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை. அதே மாதம் எங்கள் இட்டேரியில் இன்னும் நான்கு தோட்டத்தில் கேபிள் போனது. மூன்று பேர் புகாருக்கே போகவில்லை. ஆக, அரசாங்கக் கணக்கில் அந்த மாதம் எங்கள் ஊரில் திருட்டு அநேகமாகப் பூஜ்யம்.

இது வெறும் புலம்பல் இல்லை. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தில் 1980களில் ஷெர்மன் என்ற குற்றவியல் ஆய்வாளரின் குழுவினர் போலீஸுக்கு வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 3 சதவீத முகவரிகளில் இருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. எங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது என்று தெரிந்தால் அங்கே ஆளை நிறுத்தலாம். பதிவே இல்லையென்றால் எங்கே போய் நிறுத்துவது? சும்மா வண்டியில் சுற்றுவதும் உதவாது. 1972-73இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் சில பகுதிகளில் ரோந்து வண்டியைக் கூட்டியும், சில பகுதிகளில் அடியோடு நிறுத்தியும் பார்த்தார்கள். குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்புறம், காப்பரைத் திருடுகிறவன் அதைத் தின்னப் போவதில்லை, எங்கோ ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கடைக்காரர் யாரிடம் வாங்கினோம் என்று பதிவேடு வைத்து, அதை மாதம் ஒருமுறை யாராவது உண்மையாகவே பார்த்தால், கிணற்றடியில் நூறு கேமரா வைப்பதைவிட மலிவு. அடகுக் கடைக்கும் நகை உருக்குகிற பட்டறைக்கும் இதே பேச்சுதான்.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வாசலிலும் இரண்டு இருக்கிறது. நடந்தபின் பிடிக்க உதவும். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வண்டி நிறுத்துமிடங்களில்தான் அது நன்றாகப் பலன் தந்தது. வன்முறையைத் தடுப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. முகமூடியோடு வருகிறவனைக் கேமரா என்ன செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். ஆராய்ந்தால், ஒருமுறை திருடு போன வீட்டுக்கே திருடன் மறுபடி வருகிறான். பல வீடுகளில் காசு போட்டு ஓட்டுகிற மின், எரிவாயு மீட்டர், அதில்தான் ரொக்கம். மீட்டரை மாற்றினார்கள். திருடு போன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் திருட்டு சுமார் முக்கால்வாசி குறைந்தது. ஊர் முழுக்கக் காவல் போடவில்லை.

நம்மிடம் இதற்கு நிகரான ஏற்பாடு இல்லாமல் இல்லை. பட்டா புத்தகம் தெரியுமல்லவா? ரோந்து வருகிற போலீஸ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற நோட்டு. கோவை மாநகரக் காவல்துறை 2022இல் கல்லூரிக்கு ஒரு பெண் காவலர் என்று நியமித்து 'போலீஸ் அக்கா' திட்டம் கொண்டு வந்தது. யூனிஃபார்மைப் பார்த்துப் பயப்படாமல், தெரிந்த முகத்திடம் பேசுவதுதான் அதன் சாரம். தனியாக இருக்கிற முதியவர்களுக்கும் பீட்டுக்கு (ஒரு காவலர் ரோந்து பார்க்கிற பகுதி) ஒருவர் அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். அந்த ஆளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்கிறேன். கொலைகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் வடமாநிலத்துக்காரர்கள் மேல் விழுந்தது. ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று பட்டியல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது, 1947இல் இங்கே ஒழிந்தது. அது எத்தனையோ குடும்பங்களை ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தது. அந்தச் சந்தேகத்தில் நாம் இன்னொரு பட்டியல் போட வேண்டாம்.

எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த கணவன் மனைவி தங்கித் தேங்காய்ப் பருப்புக் காயவைக்கிறார்கள். மழை மேகம் திரண்டால் நடுராத்திரியிலும் எழுந்து ஓடுவார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த இட்டேரியில் ராத்திரி விழித்திருக்கிற ஒரே குடும்பம் அவர்கள்தான். சிவகிரிக்கு அப்புறம் நானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். இப்போது தினமும் எட்டு மணிக்கு அம்மா களத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அங்கிருந்து ஒன்று திரும்பி வரும். ஒருநாள் சார்ஜ் தீர்ந்து அம்மா கொடுக்கவில்லை. எட்டேகாலுக்கு அந்தப் பெண் டார்ச்சோடு வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள்.